ஆடு கடிக்காத செடி

வாசலில் அழகுக்கு வைக்கப் பூச்செடி வாங்க வருகிறவர்கள் என்ன நிறம் என்று கேட்பார்கள். வெயில் தாங்குமா, தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். பூச்சிமருந்து அடித்த செடியா என்று கேட்க மாட்டார்கள். அது கறிவேப்பிலைக் கன்றுக்குக் கேட்கிற கேள்வி. வாயில் போடப் போகிற பொருளுக்குக் கேட்கிற கேள்வி.

பூச்செடி வாங்க வந்த நெல்லையம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது வள்ளித்தாய் பூவாளியோடு இரண்டு வரிசை தள்ளி நின்றாள். கை தானாக நின்றது. பூவாளியில் மிச்சமிருந்த தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில், எபினேசரின் நாற்றுப் பண்ணை இருக்கிறது. பச்சை வலைக்குக் கீழே ரோஜா, செம்பருத்தி, இட்லிப்பூ, குரோட்டன்ஸ் எல்லாம் கறுப்புப் பைகளில் வரிசையாக நிற்கும். வள்ளித்தாய் அங்கே எட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். மண் கலப்பது, பை நிரப்புவது, தண்ணீர் ஊற்றுவது, வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போய்த் தொட்டி மாற்றிக் கொடுப்பது. வயது ஐம்பத்து நான்கு. கணவன் இறந்து ஒன்பது வருடம். பிள்ளை கிடையாது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஓட்டு அறையில் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பண்ணை லீவு. அன்றைக்கு அவள் யாரோடும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பொழுது போய்விடும். திங்கள்கிழமை காலை முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும்.

பண்ணையில் அவள் தானாகத் தொடாத வரிசை ஒன்றே ஒன்று, நித்தியகல்யாணி. வெள்ளை, ரோஸ், சிவப்பு, நடுவில் பொட்டு வைத்த வெள்ளை என்று ஐந்தாறு வகை. வருடம் பூராவும் பூக்கும். காசு கொடுத்து வாங்கி அழகுக்கு வைக்க இதைவிடத் தோதான செடி கிடையாது. ஆனால் இந்தப் பக்கத்தில் அதற்குச் சுடுகாட்டுப் பூ என்று ஒரு பெயர் உண்டு. மயானத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்கிறது என்பதுதான் அது செய்த குற்றம்.

எபினேசர் அவளை வேலைக்குச் சேர்த்த அன்றே சொல்லியிருந்தான்.

"சுடுகாட்டுப் பூன்னு சொன்னா ஒருத்தன் தொட மாட்டான்க்கா. நித்தியகல்யாணின்னா சாமி ரூமுக்கு ஒரு செடி போதும்பான். வின்கான்னு சொல்லுங்க, காரை நிறுத்தி பத்து வாங்கிட்டுப் போவான்."

"மூணும் ஒண்ணுதானே தம்பி."

"அது செடிக்குத் தெரியும்லா. வாங்குதவனுக்கு எதுக்கு?"

நெல்லையம்மாள் நித்தியகல்யாணியில் எட்டுச் செடி கேட்டாள். எட்டும் வெள்ளை. ஐம்பத்தைந்து வயதுக்காரி, ரதவீதிக்குப் பின்னால் உள்ள தெருவில் சொந்த வீடு. கணவர் நமச்சிவாயம் அரசாங்க ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிவப்பு நன்றாகப் பூக்கும் என்று எபினேசர் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. வெள்ளைக்குத்தான் மருந்து குணம் ஜாஸ்தி என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை எபினேசர் கேள்விப்பட்டதில்லை. வள்ளித்தாய் கேள்விப்பட்டிருந்தாள்.

அவள் கேள்விப்பட்ட விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

வள்ளித்தாய் வாழ்க்கைப்பட்டது இளையரசனேந்தல் பக்கத்து ஊர் ஒன்றில். மானாவாரி பூமி. மழை பெய்தால் வெள்ளாமை, இல்லையென்றால் ஆடு. அவள் கணவன் பரமசிவனும் அவன் தம்பி சண்முகையாவும் தங்கள் புஞ்சையில் நித்தியகல்யாணி விதைத்தார்கள். இரண்டு மழை போதும், செடி பிழைத்துக்கொள்ளும். வேலி வேண்டாம், காவல் வேண்டாம். ஊரில் நூற்றுக்கணக்கில் ஆடு அலைந்தும் ஓர் ஆடும் அதில் வாய் வைக்காது. அப்படி ஒரு கசப்பு. காய்ந்த இலையையும் வேரையும் எடுத்துப் போக லாரி வரும். எங்கே போகிறது என்று கேட்டால் வியாபாரி பெருமையாகச் சொல்வான்: "கேன்சர் மருந்துக்கு. கப்பல்ல போகுது." ஊருக்கும் அதில் பெருமை.

பரமசிவனுக்கு நாற்பத்தாறு வயதில் கழுத்தில் நெறிக்கட்டியது. கட்டி வலிக்கவில்லை, ஆனால் பெருத்தது. திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் சதையை எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுவிட்ட செவ்வாய்க்கிழமை வீதம் பன்னிரண்டு ஊசி போட வேண்டும் என்றார்கள். ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் பன்னிரண்டு கட்டம். ஊசி போடப் போட ஒவ்வொரு கட்டத்திலும் தேதியும் கையெழுத்தும். பேஷண்ட் பேர் என்ன என்று கவுண்டரில் கேட்டபோது அட்டையில் எழுத வள்ளித்தாயால் பேரைச் சொல்ல முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பேரைச் சொன்னதில்லை. பெண்டாட்டி பேர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பது அந்த ஊர்ச் சட்டம். அவன் அவளை ஆயிரம் தடவை ஏட்டி என்று கூப்பிட்டாலும் அவள் ஆயுசு குறையாது. பரமசிவனே எட்டிப் பேரைச் சொல்லி, "இவ வாயில வராது சார்" என்று சிரித்தான்.

ஊசிக்குக் காசு கிடையாது. ஆனால் இரண்டு ஊசியிலேயே முடி கொட்டியது. பஸ்ஸில் வாந்தி. மூன்றாவது செவ்வாய்க்கு முந்தின நாள் சண்முகையா கசாயம் காய்ச்ச ஒரு பெரிய பானையைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தான்.

"அந்த ஊசி எதுல இருந்து வருதுங்கீங்க? நம்ம புஞ்சையில இருந்து. நம்ம பாலை டவுனுக்கு ஊத்திட்டு, டவுன்ல போய் வெண்ணெய் வாங்குவானா எவனாவது? பாலைக் குடிச்சா போதும்லா."

இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது முட்டாள்தனம் அல்ல. தப்பான முடிவுக்குப் போன நல்ல யோசனை. அந்தச் செடியை விதைத்தவன், களை எடுத்தவன், காயவைத்தவன், மூட்டை கட்டியவன் ஒருவனுக்கும் அது மருந்தாவது எப்படி என்று யாரும் சொன்னதில்லை. ஒரு லாரி இலையை வடித்து, பிரித்து, விஷத்தையெல்லாம் ஒதுக்கினால் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மிஞ்சும், அந்தச் சிட்டிகைதான் ஊசி என்று வியாபாரி சொல்லவில்லை. அவனுக்கு மூட்டை போதும். செடியின் லத்தீன் பெயரைப் படம் போட்டுக் கற்றுக்கொடுக்கிற பாடப்புத்தகம் அதைச் சொல்லவில்லை. வேலையை வாங்கிக்கொண்டு அறிவைக் கொடுக்காமல் விட்டவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அதோடு ஊசிக்குப் போவது நின்றது. வெள்ளைப்பூச் செடியாகப் பார்த்து வள்ளித்தாய் தினமும் இலை பறித்தாள். காலையிலும் சாயங்காலமும் காய்ச்சிக் கொடுத்தாள். பத்து நாளில் கட்டி வற்றியது. ஊரே வந்து பார்த்தது. முன்னால் போட்ட இரண்டு ஊசியின் வேலை அது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. ஆறு மாதம் கழித்துக் கட்டி திரும்பி வந்தது. கழுத்தில், கக்கத்தில், வயிற்றில். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே வலிக்கு ஒரு ஊசி போட்டார்கள். மறுநாள் காலை அவன் இறந்தான்.

ஊசி போட்டதால் செத்தான் என்று சண்முகையா ஊரில் சொன்னான். ஊர் அதையே திருப்பிச் சொன்னது. விதவைப் பென்ஷனுக்குக் காகிதம் வாங்க வள்ளித்தாய் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்த வார்டில் தங்கப்பழம் என்று ஒரு நர்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்க்கா பாதியில விட்டீங்க? இந்த வகை கேன்சர்ல பன்னெண்டும் போட்டுக்கிட்டவங்க முக்காவாசிப் பேரு பிழைச்சு வேலைக்குப் போறாங்களே." பிறகு உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினாள். அந்த ஒரு சிட்டிகைக் கணக்கை வள்ளித்தாய் அன்றுதான் கேட்டாள்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் காய்ச்சினார்கள் என்ற கேள்வி வரும். ஊரை விட்டு வந்து சங்கரன்கோவிலில் அறை எடுத்தாள். வருடத்துக்கு ஒரு தடவை கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் ஊருக்குப் போவாள். சண்முகையா வீட்டில் படுக்க ஒரு பாய் கொடுப்பார்கள்.

நெல்லையம்மாள் பன்னிரண்டு நாளில் திரும்பி வந்தாள். இன்னும் பத்துச் செடி, எல்லாம் வெள்ளை. பழைய தொட்டிகளில் மண் இறுகிவிட்டது, ஆள் அனுப்புங்கள் என்றாள். எபினேசர் வள்ளித்தாயை அனுப்பினான்.

பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள். இன்ன சாதிக்காரர்களுக்கு இன்ன வாசல் என்று இந்தத் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் கால் பழகியிருக்கிறது. பின்கட்டில் எட்டுத் தொட்டியும் இருந்தன. எட்டிலும் உச்சியில் பூ மட்டும் இருந்தது. கீழே இலையே இல்லை. வெறும் தண்டு.

"ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்கே? மண்ணைக் கொத்து."

"இலையெல்லாம் எங்கம்மா?"

"பூச்சி தின்னுட்டு."

"பூச்சி காம்போட கிள்ளாதும்மா. இதை ஆடே கடிக்காது." வள்ளித்தாய் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே கேட்டாள். "வீட்டுல யாருக்கும்மா நெறிக்கட்டி?"

நெல்லையம்மாள் சமையலறைக் கதவைச் சாத்தினாள். கோபப்படுவாள் என்றுதான் வள்ளித்தாய் நினைத்தாள். அவளோ துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு மாதமாக அதை அடக்கி வைத்திருந்திருக்கிறாள். சொந்தத் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை.

"மீனாவுக்கு. எம் மகளுக்கு. இருபத்திரண்டு வயசு. ரெண்டு ஊசி போட்டாச்சு. சீப்பை வச்சா கத்தையா வருது. ராஜபாளையத்துல இருந்து பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காக. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வீட்டுக்கு வாரோம்னிருக்காக. மொட்டைத் தலையோட பிள்ளையை எங்கன நிறுத்துவேன்? தெருவுல மஞ்சக்காமாலைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"மூணாவது ஊசி எப்பம்மா?"

"வார செவ்வாய்க்கிழமை. போகலை. தேவையில்லை. கசாயம் குடிச்ச பத்தே நாள்ல கட்டி வத்திட்டு."

வள்ளித்தாய் மண்கொத்தியைக் கீழே வைத்தாள். "அது கசாயம் இல்லம்மா. அந்த ரெண்டு ஊசி."

"உனக்கு என்ன தெரியும்? எங்க தோட்டத்துல வேலை பாக்குதவன் இளையரசனேந்தல் பக்கத்துக்காரன். அவன் சொல்லித்தான் ஆரம்பிச்சோம். அவன் ஊர்ல ஒருத்தனுக்கு இதே கட்டி. கசாயம் குடிச்ச மட்டும் எந்திரிச்சு ஆடு மேச்சானாம். அப்புறம் கூட்டிட்டுப் போயி ஊசியைப் போட்டிருக்காக, மறுநாளே போயிட்டான். அவன் பொண்டாட்டியே சொன்னாளாம்."

ஒன்பது வருடம் பேசாமல் இருந்ததற்கு வட்டியும் முதலுமாக அந்தப் பேச்சு அவளிடமே வந்து சேர்ந்தது. அவள் சொல்லாததை அவள் சொன்னதாக ஊர் சொல்லிக்கொண்டு திரிகிறது. இன்னொரு வீட்டில் இன்னொரு பானை அடுப்பில் ஏறியிருக்கிறது.

"நான் அப்படிச் சொல்லலம்மா" என்றாள்.

"நீயா?"

"அந்த ஆளு எங்க வீட்டுக்காரரு."

கதவு திறந்தது. நமச்சிவாயம் அங்கேதான் நின்றிருக்கிறார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆபீஸில் மனு கொண்டுவந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"உம் புருசன் பேரு என்ன?"

வள்ளித்தாய் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இறந்துபோனவனுக்குக் குறைய ஆயுசு ஏது? அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் குனிந்து தொட்டி மண்ணைக் கிளறினாள்.

"சரி, நீ சொல்ல மாட்டே. இந்த மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன். காயிதம் இருக்கா? ஆஸ்பத்திரிக் காயிதம்?"

"இருக்கு சாமி."

"கொண்டா. காயிதம் இல்லாம யாரு என்ன வேணாலும் சொல்லலாம்."

முப்பத்து நான்கு வருடம் காகிதம் இல்லாமல் எதையும் நம்பாத மனிதர். தோட்டக்காரன் சொன்ன கசாயத்துக்கு மட்டும் எந்தக் காகிதமும் கேட்கவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன்பே வள்ளித்தாய் அந்தப் பின்வாசலில் நின்றாள். இடுப்பில் செருகிய பிளாஸ்டிக் கவருக்குள் அட்டை இருந்தது. பரமசிவனுக்கு ஒரு போட்டோ கிடையாது. அவன் இருந்தான் என்பதற்கு அவளிடம் மிஞ்சியது அந்த அட்டை ஒன்றுதான்.

நெல்லையம்மாள் கதவைப் பாதிதான் திறந்தாள். "அவுக குளிக்காக. அப்புறமா வா."

"இதை மட்டும் பாத்திருங்கம்மா."

"அப்புறம் வான்னு சொல்லுதேன்லா."

"என்னதும்மா அது?" உள்ளே இருந்து ஒரு குரல். மகள் மீனலோசினி வந்தாள். ஒல்லியான பெண். தலையில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். அவள் கையில் டம்ளர் இருந்தது. அந்தப் பழுப்புப் பச்சையையும் அந்த வாடையையும் வள்ளித்தாய் எங்கே கண்டாலும் அறிவாள்.

அம்மாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அந்தப் பெண் அட்டையை வாங்கினாள். பார்த்தாள். டம்ளரைப் பக்கத்து மாடத்தில் வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அவளிடமும் அதேபோல ஓர் அட்டை இருந்தது. அதே பன்னிரண்டு கட்டம். அதேபோல இரண்டே கையெழுத்து. அவளுடைய அட்டையில் அடுத்த பத்தும் இன்னும் காத்திருந்தன. இதில் அந்தப் பத்தும் மஞ்சளாகிப் போயிருந்தன.

"பரமசிவன். வயசு நாப்பத்தாறு." அவள் வாய்விட்டுப் படித்தாள். "உங்க வீட்டுக்காரரா?"

வள்ளித்தாய் தலையாட்டினாள்.

"மிச்சத்தை ஏன் போடலை?"

"நான் இதைக் காய்ச்சிக் கொடுத்தேன் மக்கா." அவள் டம்ளரைக் காட்டினாள். "ஆறு மாசம். காலையிலயும் சாந்திரமும். என் கையால. அவுக வேண்டாங்கும்போதெல்லாம் மூக்கைப் பிடிச்சுக் குடிக்கச் சொன்னேன். முதல்ல கட்டி வத்திச்சு, உனக்கு வத்துன மாதிரியே. அது ஊசி போட்ட வேலை. கசாயம் இல்ல. ஆட்டுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லாமப் போச்சு. ஆஸ்பத்திரியில அவுகளைக் கொல்லல. நான்தான்..."

நெல்லையம்மாள் பயத்தில் கதவை இழுத்தாள். "பாவி. புருசனைக் கொன்னுட்டு எம் பிள்ளைகிட்ட வந்து நிக்கியா? போ. இனிமே இந்தப் பக்கம் கால் வைக்காத."

கதவு சாத்திக்கொண்டது. அட்டை உள்ளேயே இருந்துவிட்டது.

பண்ணைக்கு அவள் போய்ச் சேருவதற்குள் போன் வந்திருந்தது. எபினேசர் கத்தவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இனிமே பின்னால பை நிரப்புத வேலையைப் பாருங்கக்கா, முன்னால ஆளுகட்டப் பேச வேண்டாம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "செடிக்கடையில நின்னுக்கிட்டு வைத்தியம் பாத்தா எப்படிக்கா?" என்றும் கேட்டான். அடுத்த வாரம் நித்தியகல்யாணி விதை வந்தபோது அதில் வெள்ளைப் பாக்கெட் மட்டும் இல்லை.

தோட்டக்காரன் வழியாகச் செய்தி ஊருக்குப் போனது. நான்காம் நாள் சண்முகையா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். தலைப்பாகையைக்கூட அவிழ்க்கவில்லை.

"மதினி, ஊரே சிரிக்கு. அண்ணனை நீங்களே மருந்து காய்ச்சி அனுப்பிட்டதாச் சொன்னீங்களாமே?"

"நடந்ததைச் சொன்னேன் கொழுந்தனாரே."

"யாரு கேட்டா உங்ககிட்ட?"

"ஒரு பிள்ளை சாகப் போகுது."

"அது யாரோ பெரிய வீட்டுப் பிள்ளை. நமக்கென்ன? ஆஸ்பத்திரியாலன்னு சொல்லி முடிஞ்ச விசயம். இப்பம் என் முகத்துக்கு நேரா கேக்கான், பானை யாரு கொடுத்தான்னு."

"நீங்கதான் கொடுத்தீக."

அவன் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "இந்த வருசம் கொடைக்கு வர வேண்டாம். வந்தா மரியாதை இருக்காது."

அவனும் அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவன்தான். அந்தப் பொய் அவனுக்கும் தேவைப்பட்டது. பொய் இல்லாமல் படுத்தால் அவனுக்குத் தூக்கம் வராது. அவளுக்கு ஒன்பது வருடமாக அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று காலை ஆறரைக்கு வள்ளித்தாய் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். திருநெல்வேலி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே டீக்கடைத் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். ஏழு பத்து பஸ் போனது. ஏழு நாற்பது போனது. எட்டேகால் பஸ்ஸும் போனது. அவர்கள் வரவில்லை. டீக்கடைக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். "யாருக்கும்மா நிக்கே?" அவள் டீ குடித்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்று பை நிரப்பும்போது நாலு பைக்கு உரம் போட மறந்துவிட்டாள்.

மறுநாளும் வந்து நின்றாள். அதற்கு மறுநாளும். அந்த வீட்டில் காலையில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கசப்பு நாக்கிலேயே தெரிந்தது. போய்க் கதவைத் தட்டலாம். தட்டினால் என்ன சொல்வது? கையில் இருந்த ஒரே காகிதத்தையும் கொடுத்தாயிற்று.

அடுத்த செவ்வாய் காலை, ஏழு பத்து பஸ்ஸுக்கு இரண்டு பேர் வந்தார்கள். நமச்சிவாயம் கையில் ஒரு ஒயர்கூடை. பக்கத்தில் தலையோடு சேர்த்து முகத்தையும் துப்பட்டாவால் மூடிய ஒரு பெண். கூடையில் பிளாஸ்டிக் கவரும் தண்ணீர் பாட்டிலும் தெரிந்தன. வாந்திக்குக் கவர் எடுத்துப் போகிறவர்கள் எங்கே போகிறவர்கள் என்று வள்ளித்தாய்க்குத் தெரியும். பஸ் கிளம்பும்வரை அவள் தூணை விட்டு நகரவில்லை. ஒரு வாரம் தள்ளி, மூன்றாவது கட்டம்.

அதற்குப் பிறகு ஒன்றுவிட்ட செவ்வாய் என்பது அவள் வாழ்க்கையில் ஒரு கிழமையானது. ஆடித்தபசுக் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டு நெருக்கியடித்தபோது, தலைகளுக்கு நடுவில் அந்தத் துப்பட்டாவைத் தேடிக் கண்டுபிடித்தாள். நான்கு. புரட்டாசியில் ஒரு நாள் அந்தப் பெண்ணால் பஸ் படியில் ஏற முடியவில்லை. நமச்சிவாயம் கூடையைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் பார்க்க, மகளை இடுப்போடு அணைத்துத் தூக்கிவிட்டார். எட்டு. ஐப்பசி மழையில் வள்ளித்தாய்க்குக் காய்ச்சல் கண்டு நான்கு நாள் அறையிலேயே கிடந்தாள். தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. ஆனால் பத்தாவது ஊசிக்கு அவர்கள் போனார்களா என்று தெரியாமல் போனதுதான் அவளை வாட்டியது. அடுத்த தடவை அவர்களைப் பார்க்கும்வரை, அந்த ஒரு கட்டம் காலியாகவே அவள் கண்ணுக்குள் நின்றது.

ஒரு தடவைகூட அவர்கள் அவள் பக்கம் திரும்பவில்லை. பார்த்துவிடாதபடி அவள் நின்றாள். பெண் பார்த்துப் போன ராஜபாளையத்துக்காரர்கள் ஆடித்தபசுக்கு வரவில்லை என்று எபினேசர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பெண்ணுக்கு ஏதோ சீக்காம். முடி கொட்டினால் பெண்ணே வேண்டாம் என்கிற வீட்டிலிருந்து ஒரு பெண் தப்பித்தாள் என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கார்த்திகையில் ஒரு செவ்வாய். பன்னிரண்டு. அன்று அம்மாவும் கூட வந்திருந்தாள். மூன்று பேரும் பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர் விசில் ஊதவில்லை இன்னும். வள்ளித்தாய் டீக்காசு கொடுக்கத் திரும்பினாள். நிமிர்ந்தபோது மீனலோசினி எதிரே நின்றாள்.

முகத்தில் துப்பட்டா இல்லை. புருவம் இல்லாத முகம். கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் நிக்கீங்க" என்றாள். "மூணாவதுக்கே பாத்துட்டேன். அப்பாவும் பாத்தாங்க. பாக்காத மாதிரி வான்னு சொன்னாங்க."

"பத்தாவதுக்குப் போனியா மக்கா? நான் வரல."

"போனேன். உங்களைக் காணோம்னு தேடினேன்." அவள் பையிலிருந்து அட்டை இருந்த அந்தப் பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினாள். "அப்பா இதைக் கிழிக்கப் போனாங்க. நான் கொடுக்கல. இதைக் காமிச்சுக் காமிச்சுத்தான் ஊசிக்குக் கிளப்பினேன். என் அட்டையோடயே வச்சிருந்தேன். நர்ஸக்கா ஒருத்தவங்க இதைப் பாத்துட்டு உங்களை விசாரிச்சாங்க. இன்னிக்கு முடிஞ்சா எனக்குப் பன்னெண்டு."

"கட்டி?"

"இல்லைன்னு போன மாசமே படம் எடுத்துப் பாத்துட்டாங்க." பஸ் பக்கம் பார்த்துவிட்டு, "அம்மா நேர்த்திக்கடன்தான் காப்பாத்துச்சுங்காங்க" என்றாள்.

"சொல்லிட்டுப் போட்டும். நீ இருக்கேல்லா."

பஸ் ஜன்னலிலிருந்து நெல்லையம்மாளின் குரல் வந்தது. "ஏட்டி மீனா, அங்கன யாருட்ட நிக்கே? பஸ்ஸு எடுக்கப் போறான்."

"தெரிஞ்சவங்கம்மா."

ஜன்னலில் நெல்லையம்மாள் தெரிந்தாள். வள்ளித்தாயைப் பார்த்தாள். தெருவில் யாருக்கும் தெரியாத விஷயம் தெரிந்த ஒரே பெண் அவள். வாழ்நாள் முழுக்க அவளைக் கண்டு பயப்பட வேண்டியிருக்கும். நெல்லையம்மாள் முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் ஓடிப்போய் ஏறினாள். ஓடினாள் என்பதை வள்ளித்தாய் கவனித்தாள். பஸ் வளைந்து சாலைக்குப் போனது. இனி அடுத்த செவ்வாய் அவள் இங்கே வர வேண்டியதில்லை. அதற்கு அடுத்த செவ்வாயும் இல்லை.

அவள் கவரிலிருந்து அட்டையை எடுத்தாள். முனை கசங்காமல் இருந்தது. இரண்டு கையெழுத்து, பத்துக் காலிக் கட்டம். மேலே எழுதியிருந்த பேர், எழுத்து தெரியாத அவளால் படிக்க முடியாத பேர். படிக்காமலே தெரிந்த பேர்.

"பரமசிவன்" என்றாள்.

சிவகிரி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அவளுக்கே அந்தச் சொல் புதிதாக இருந்தது. யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகச் சொன்னாள். பிறகு, "அந்தப் பிள்ளைக்குப் பன்னெண்டும் முடியுதாம்" என்று அவனிடம் சொன்னாள்.

அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். பண்ணையில் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும். நித்தியகல்யாணி வரிசைக்கு அன்று அவளே ஊற்றினாள்.